ஒன்பதாம் கட்டில் பெட்டி

மடிப்பக்கா என்று சொன்னால்தான் அந்த ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரியும். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. இரண்டாம் மாடி வார்டில் இருபத்து நான்கு கட்டில்கள். அத்தனையையும் பெருக்கித் துடைத்து, போர்வை மாற்றி, குப்பையைப் பிரித்துக் கீழே கொண்டு போகிறவள் அவள். எதைத் தொட்டாலும் மடித்து வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. போர்வையும் துண்டும் சரி, பஞ்சு வந்த காகிதப் பையைக்கூட நான்காக மடித்துத்தான் கூடையில் போடுவாள்.

"குப்பைக்கு எதுக்குக்கா இஸ்திரி?" என்று நர்சுகள் கேலி செய்வார்கள்.

"குப்பைன்னா அலங்கோலமாத்தான் இருக்கணும்னு சட்டமா?" என்பாள். வாய் அவளுக்குக் கொஞ்சம் நீளம்தான். ஆனால் கை படு சுத்தம்.

அந்தச் சுத்தம்தான் அவளைக் கவிழ்த்தது. சோம்பேறியாக இருந்திருந்தால் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டாள். காலி மருந்துப் பெட்டியைக் காலால் மிதித்து மூலையில் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாள். மற்ற மாடிகளில் அப்படித்தான் நடந்தது, அந்த மாடிக்காரிகள் இன்றைக்கும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

நடந்தது இதுதான். விலை கூடிய ஊசி மருந்துகளை நோயாளியின் வீட்டார் வெளிக் கடையில் வாங்கி வந்து கொடுப்பது அந்த ஆஸ்பத்திரியில் வழக்கம். ஒருவர் மருந்து இன்னொருவருக்குப் போய்விடக் கூடாதே என்று, வாங்கியவுடன் நர்ஸ் அந்த அட்டைப் பெட்டியின் மேல்புறத்தில் கறுப்பு மார்க்கர் பேனாவால் கட்டில் எண்ணைக் கொட்டையாக எழுதிவிடுவார். மருந்து தீர்ந்ததும் பெட்டியும் காலிப் பாட்டிலும் மடிப்பக்கா கைக்கு வரும். அவற்றை என்ன செய்ய வேண்டும் என்று கீழே குப்பை அறைச் சுவரில் ஒரு பலகை தொங்கியது. பெட்டியைக் கிழிக்கவும், பாட்டில் லேபிளைச் சுரண்டவும், பாட்டிலை உடைக்கும் தொட்டியில் போடவும் என்று மூன்று வரி. அந்தப் பலகையை வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்ததும் அவளேதான். அதில் எழுதியிருந்ததைச் செய்யத்தான் அவளுக்குத் தோன்றவில்லை. நல்ல பெட்டியைக் கிழிக்க அவளுக்குக் கை வராது.

வியாழக்கிழமை தோறும் அட்டைக்காரர் வருவார். ஆஸ்பத்திரியின் பழைய அட்டையையும் காகிதத்தையும் எடுத்துப் போகக் குத்தகை எடுத்தவர். மூன்று சக்கர வண்டி, இஸ்திரி போட்ட சட்டை, வாய் நிறைய மரியாதை.

"தங்கச்சி, உங்க கை பட்ட அட்டை மாதிரி நான் எங்கயும் பார்த்ததில்ல" என்றார் முதல் முறை. இத்தனை வருடத்தில் அவள் வேலையை அப்படி ஒருவர் புகழ்ந்ததில்லை. டாக்டர்கள் அவள் துடைத்த தரையில் செருப்போடு நடந்து போவார்கள், அவ்வளவுதான்.

பிறகு மெதுவாகக் கேட்டார். இந்த இந்த மருந்துப் பெட்டி மட்டும் கிழியாமல் வேண்டும். உள்ளே இருக்கும் மடித்த காகிதமும் வேண்டும். பாட்டில் லேபிளோடு, ரப்பர் மூடியோடு வேண்டும்.

"எதுக்குண்ணே?"

"பாட்டில் சென்ட் போடுறவங்களுக்கு. பொட்டி பொம்மை செய்யறவங்களுக்கு."

கொஞ்ச நாள் கழித்து அவரே குறைப்பட்டுக்கொண்டார். "மேல நம்பர் கிறுக்கியிருக்கே தங்கச்சி, அத வாங்க மாட்டேங்கறாங்க."

அவளுக்கு அது சவாலாகப் போயிற்று. தண்ணீரில் தேய்த்தாள், போகவில்லை. சோப்பு போட்டாள், அட்டை ஊறிப்போயிற்று. கடைசியில், ஊசி போடும் முன் தோலைத் துடைப்பார்களே, அந்த ஸ்பிரிட் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தாள். எண் போன இடம் தெரியவில்லை. அன்றைக்கு அவளுக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே, வீட்டில் கணவரிடம்கூடச் சொன்னாள். அவர் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். "ம்" என்றார்.

அட்டைக்காரர் பதிலுக்கு ஒவ்வொரு மாதமும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று கொண்டு வந்து கொடுத்தார். சர்க்கரைக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, டீத்தூளுக்கு ஒன்று. நான்கு வருடத்தில் அவள் சமையலறை அலமாரி முழுக்க ஒரே அளவு, ஒரே நீல மூடி. வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு எட்ட நின்று பார்ப்பாள்.

சென்ட், பொம்மை என்ற கதையை அவள் நம்பினாளா? நம்பினாள் என்று சொல்வது பாதி உண்மை. திருப்பி ஒரு கேள்வி கேட்கவில்லை என்பதுதான் மீதி. பொம்மைப் பெட்டிக்கு எதற்கு மருந்துக் காகிதம் என்று ஒரே ஒரு நாள் தோன்றியது. அன்றைக்கு வார்டில் வேலை அதிகம், மறந்துபோனாள்.

அவளுக்கு ஒரு தம்பி. ஆறடிக்கு மேல் இரண்டு விரற்கடை, அதனால் நெட்டை. கொத்தனார். அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது, இவளுக்குப் பதினேழு. சோறு ஊட்டியதும் இவள்தான், முதுகில் ஒன்று வைத்ததும் இவள்தான். சாரத்தில் அவன் ஏறுவதைப் பார்த்தால் அவள் சும்மா இருக்கமாட்டாள். "கீழ பாத்து ஏறுடா!" என்று கத்துவாள். "கீழ பாத்தா எப்படிக்கா ஏறுறது?" என்று மேலிருந்து சிரிப்பான்.

ஒரு மழை நாளில் சாரம் வழுக்கி விழுந்தான். வலது கால் எலும்பு முழங்காலுக்குக் கீழே இரண்டாகப் போயிற்று. அவன் வீட்டுப் பக்கமே பத்துக் கட்டில் உள்ள சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் தகடு வைத்துக் கட்டினார்கள். மூன்றாவது வாரம் கட்டின் ஓரத்தில் சீழ் கசிந்தது, காய்ச்சல் ஏறியது. எலும்பில் கிருமி பிடித்துவிட்டது என்று எலும்பு டாக்டர் ஓர் ஊசி மருந்து எழுதிக் கொடுத்தார். காலை ஒன்று, மாலை ஒன்று, ஆறு வாரம்.

மருந்தின் பெயரைக் கேட்டதும் மடிப்பக்காவுக்கு உயிர் வந்தது. "அது எனக்குத் தெரியும்டா. எங்க வார்டுல அதப் போட்டு எத்தன பேரு எழுந்து நடந்து போயிருக்காங்க தெரியுமா? ஒன்பதாம் கட்டில்ல ஒரு பெரியவரு, வரும்போது தூக்கிட்டு வந்தாங்க. போகும்போது எனக்கு டாட்டா காட்டிட்டுப் போனாரு."

நெட்டையின் மனைவி தெருமுக்கு மருந்துக் கடையில் அதை மொத்தமாக வாங்கி வைத்தாள். கடைக்காரர் தானாகவே விலையைக் குறைத்துக் கொடுத்தார் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

பன்னிரண்டு நாள் ஆயிற்று. காய்ச்சல் இறங்கவில்லை. கால் வீங்கி மினுமினுத்தது. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு எல்லார் தலையிலும் கல்லைத் தூக்கிப் போட்டார்.

"கிருமி இந்த மருந்துக்கு மசியல. இன்னும் மூணு நாள் பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா, உயிருக்கு ஆபத்து. முழங்காலுக்குக் கீழ எடுத்துடறது நல்லது."

"எடுங்க டாக்டர்" என்றான் நெட்டை. "நெட்டைங்கற பேராவது குறையட்டும்." யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் மடிப்பக்கா லீவு போட்டுவிட்டு நண்பகலில் வந்து சேர்ந்தாள். தம்பி கண்ணை மூடிப் படுத்திருந்தான். நெற்றி கொதித்தது. என்ன செய்வதென்று தெரியாதபோது அவள் கை தானாக வேலை தேடும். கட்டிலருகே இருந்த சின்ன மேசையை ஒழுங்கு செய்யத் தொடங்கினாள். தம்ளர்களை ஓரமாக வைத்தாள், துண்டை மடித்தாள், பிரிக்காத மருந்துப் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள்.

மூன்றாவது பெட்டியில் கட்டைவிரல் நின்றது.

வழவழப்பான அட்டையில் ஒரு மூலை மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். வேறு யார் தொட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. நான்கு வருடம் அந்த மூலையையே துடைத்த கை அவளுடையது.

ஜன்னலுக்குப் போனாள். பெட்டியைச் சாய்த்து வெளிச்சத்துக்குக் காட்டினாள். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சாய்த்துப் பார்த்தால், மை போன இடத்தில் தடம் இருந்தது. ஒரு வளையம், அதன் கீழே ஒரு வால். ஒன்பது. வாலைக் கீழே இடப்பக்கம் சுழித்து எழுதுகிறவர் அவள் வார்டின் காலை நேர நர்ஸ் ஒருவர்தான்.

எழுந்து நடந்து போன அந்தப் பெரியவரின் பெட்டி அது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மற்றப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தாள். ஆறு பெட்டியில் நான்கு மங்கியிருந்தன. பதினேழு. நான்கு. இன்னொரு ஒன்பது. எல்லாம் அவள் துடைத்தவை, அவள் மடித்துக் கட்டிக் கொடுத்தவை. சென்ட்டுமில்லை, பொம்மையுமில்லை. சுற்றிச் சுற்றித் தன் தம்பியின் தலைமாட்டுக்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

மாலை ஊசிக்கு நேரமாயிற்று. கண்ணாடி போட்ட நர்ஸ் தட்டோடு வந்து ஒரு பெட்டியைப் பிரித்தார்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்றாள் மடிப்பக்கா. "மேல் மூடிய மட்டும் எடுங்க. ஊசி குத்தாதீங்க. அடியில ரப்பர் இருக்குல்ல, அதப் பாருங்க."

"என்னம்மா, எனக்கே பாடமா?"

"பாருங்க சிஸ்டர். உங்க கால்ல விழறேன், பாருங்க."

நர்ஸ் சலித்துக்கொண்டே பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்தார். பாட்டிலைக் கண்ணருகே கொண்டு போனார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். யாரும் தொடாமல் வந்திருக்க வேண்டிய ரப்பரில், நடுவே, ஊசி குத்திய ஓட்டை இரண்டு இருந்தன.

டாக்டர் வந்தார். இன்னொரு பாட்டில் திறந்து பார்த்தார்கள், அதிலும் ஓட்டை. அவர் முகம் மாறியது. ஆனால் மனிதர் அவசரக்காரர், வெளியே இன்னும் பதினைந்து பேர் காத்திருந்தார்கள்.

"மருந்துல ஏதோ கோளாறு. இத உடனே நிறுத்துங்க சிஸ்டர். நம்ம ஸ்டோர்ல கம்பெனியிலிருந்து நேரா வந்தது இருக்கு, இன்னிக்கே அத ஆரம்பிங்க." பிறகு நெட்டையின் மனைவியிடம் திரும்பினார். "நீங்க மீதியக் கடையில கொடுத்து மாத்திக்குங்கம்மா. பில்லு இருக்குல்ல?"

"இருக்கு டாக்டர்." அவள் பெட்டிகளைப் பையில் அள்ளத் தொடங்கிவிட்டாள்.

இதோ, இந்த இடத்தில்தான் மடிப்பக்காவை நாம் பார்க்க வேண்டும். தம்பிக்கு நல்ல மருந்து கிடைத்துவிட்டது. அவள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. பெட்டிகள் கடைக்குப் போகும், கடைக்காரர் அசடு வழிந்துகொண்டு மாற்றிக் கொடுப்பார், துடைத்தது யார் என்று எந்தப் பெட்டியும் எழுந்து நின்று சொல்லப்போவதில்லை. வேலை இருக்கும், மானம் இருக்கும், தம்பியும் அக்கா என்று கூப்பிடுவான். நம்மில் எத்தனை பேர் அந்த நேரத்தில் பையைப் பிடித்திழுத்திருப்போம்? நான் செய்திருப்பேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியமில்லை.

அவள் பையைப் பிடித்திழுத்தாள்.

"கொடுக்கக் கூடாது."

"என்ன அண்ணி, விடுங்க. கடை மூடிருவாங்க."

"கடைக்குப் போச்சுன்னா இதே பொட்டி நாளைக்கு இன்னொருத்தங்க தலைமாட்டுக்குப் போகும். கோளாறு இல்ல டாக்டர் இது. போலி. போன வருஷம் எங்க ஆஸ்பத்திரியில தீர்ந்துபோன மருந்தோட காலிப் பொட்டி, காலிப் பாட்டிலு."

டாக்டர் முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார். "அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

நெட்டை கண்ணைத் திறந்திருந்தான். அவள் தம்பியைப் பார்க்காமல், கையிலிருந்த பெட்டியைப் பார்த்தே சொன்னாள்.

"இதுல இருந்த நம்பர அழிச்சது நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். அட்டைக்காரர், ஸ்பிரிட் பஞ்சு, நீல மூடி டப்பா, நான்கு வருடம். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்தவள் போல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். முடித்த பிறகுதான் தம்பியைப் பார்த்தாள்.

"அப்ப பன்னெண்டு நாளா எனக்கு என்னத்தக்கா ஏத்துனாங்க?" என்றான் அவன்.

"தெரியலடா."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு பல நாள் அவளோடு பேசவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போய்க் கணவரிடமும் சொன்னாள். வேலை போய்விடும் என்றாள். "போகட்டும்" என்றார். வழக்குகூட வரலாம் என்றாள். "வரட்டும்" என்றார். பிறகு எழுந்து போய் அலமாரியைத் திறந்து, "டப்பாவையெல்லாம் காலி பண்ணவா?" என்று கேட்டார். அவருடைய அன்றைய கணக்குப் பத்து வார்த்தையில் அதுதான் நீளமான வாக்கியம். மடிப்பக்கா அப்போதுதான் அழுதாள், அழுதுகொண்டே சர்க்கரையைக் காகிதப் பையில் கொட்டினாள்.

மறுநாள் காலை இருவரும் மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் நின்றார்கள். ஆய்வாளர் ஒரு பெண்மணி. நிரந்தரத் தொண்டைக்கட்டு, வாயில் எப்போதும் இருமல் மிட்டாய். இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு அதைத் தள்ளித் தள்ளியே முழுவதையும் கேட்டார். பெட்டிகளை வாங்கி ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார்.

"எழுதிக்கிட்டா உங்க பேரும் இதுல வரும். கோர்ட்டுல நிக்கணும். தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"எழுதுங்க மேடம்" என்றாள் மடிப்பக்கா. "இந்தத் தடவ நான் எதையும் அழிக்கமாட்டேன்."

ஆய்வாளர் மிட்டாயைக் கடித்து விழுங்கிவிட்டு எழுதத் தொடங்கினார். எழுதி முடித்ததும் ஒன்று கேட்டுக்கொண்டார். வரும் வியாழக்கிழமை வழக்கம்போல மூட்டையைக் கொடுக்க வேண்டும். அது எங்கே போகிறது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரி மேலாளருக்கு மட்டும் விஷயம் சொல்லப்பட்டது. அவருக்கு வந்த கோபத்தை வியாழன் வரை அடக்கி வைக்க அவர் பட்ட பாடு தனிக் கதை.

வியாழக்கிழமை அட்டைக்காரர் வந்தார். மடிப்பக்காவுக்கு நடிக்க வராது. பயத்தை மறைக்கத் தெரியாமல் வழக்கத்தைவிட அதிகமாகத் திட்டினாள்.

"வண்டிய நடு வாசல்ல போட்டா ஸ்ட்ரெச்சர் எப்படிண்ணே போகும்? எத்தன தடவ சொல்றது?"

"கோவிச்சுக்காதீங்க தங்கச்சி" என்று சிரித்தபடி வண்டியை ஓரம் கட்டினார். அவர் நல்ல மனிதர் போலத்தான் இருந்தார், அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கொம்பும் கோரைப்பல்லும் வைத்துக்கொண்டு வந்திருந்தால் நான்கு வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்திருக்கலாமே.

மூட்டையைத் தூக்கிக் கொடுத்தாள். எப்போதும் போல ஒழுங்காக அடுக்கிக் கட்டிய மூட்டை. அவர் ஒரு புது டப்பாவை நீட்டினார், இந்த முறை கொஞ்சம் பெரியது.

"வீட்டுல சர்க்கர நிறையத் தீருதுன்னு சொன்னீங்களே."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை அதுதான் என்று பிற்பாடு சொல்வாள்.

அன்று பிற்பகலே பிடித்துவிட்டார்கள். மூடிக்கிடந்த அச்சகம் ஒன்றின் மாடியறை. பாட்டில்கள் ஊறும் தொட்டி, தலைமுடி உலர்த்தும் கருவி, அலுமினிய மூடியை இறுக்கும் சின்ன இயந்திரம், ஒரு மூட்டை குளுக்கோஸ் பொடி. நெட்டையின் உடம்பில் பன்னிரண்டு நாள் ஏறியது அந்தக் குளுக்கோஸ்தான். அட்டைக்காரர் இரண்டு பேரோடு கையும் களவுமாக அகப்பட்டார். முக்குக் கடைக்கும் சீல் வைத்தார்கள்.

ஆஸ்பத்திரி அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. வீட்டில் உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. ஆய்வாளர் கூப்பிட்டு அனுப்பியபோது ஓடினாள். மாடியறையில் எடுத்த பெட்டிகள் அலுவலக மேசை மேல் மலையாகக் கிடந்தன. அழித்த கட்டில் எண்ணைச் சொன்னால், ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பார்த்து, அந்தப் பெட்டி எந்தத் தேதியில் யாருக்கு ஏற்கெனவே தீர்ந்துபோனது என்று உறுதி செய்யலாம். அந்தப் பெட்டியில் அச்சிட்ட தயாரிப்பு எண்ணிலேயே வேறு கடைகளில் மருந்து இருந்தால் திரும்ப எடுக்கலாம், வாங்கியவர்களைத் தேடிப் பிடிக்கலாம்.

ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கையுறை கொடுத்தார்கள். ஒவ்வொரு பெட்டியாகச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"பதினேழு. நாலு. இருபத்தி ரெண்டு. இது தெரியல, இருங்க... பதினொண்ணு."

எழுத்தர் எழுதினார். எல்லாப் பெட்டியும் அவளுடையவை அல்ல. வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வந்திருந்தன. சிலவற்றில் எண்ணை பிளேடால் சுரண்டியிருந்தார்கள், சிலவற்றில் விலைச் சீட்டு ஒட்டி மறைத்திருந்தார்கள். பார்த்தவுடன் ஏமாறும்படி சுத்தமாக இருந்தவை எல்லாம் அவள் கை வேலை. இரண்டு நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளை அப்படிப் பிரித்து வைத்தாள்.

"நாலு வருஷத்துல இதவிட நிறைய கொடுத்திருப்பேனே மேடம்" என்றாள் கடைசியில்.

ஆய்வாளர் இருமல் மிட்டாயைக் கன்னம் மாற்றினார். "ஆமா" என்றார் பிறகு. "மத்ததெல்லாம் வித்திருப்பாங்க. தேடிட்டிருக்கோம்."

விற்றதை வாங்கியவர்கள் யார், அவர்கள் வீட்டில் யார் காய்ச்சல் இறங்காமல் கிடந்தார்கள், அவர்களுக்குப் பெட்டியைச் சாய்த்துப் பார்க்க ஓர் அக்கா இருந்தாளா? அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அதை நினைத்தால் வயிறு எரிகிறது. அவளுக்கு எரிந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எரிகிறது என்று சொல்லிக்கொண்டு அவள் மூலையில் உட்காரவில்லை. மற்ற ஆஸ்பத்திரிகளில் துப்புரவு வேலை செய்யும் பெண்களை வேலை முடியும் நேரம் பார்த்து வாசலில் நிறுத்திப் பேசினாள். "பொட்டியக் கிழிங்கடி. எவனாவது டப்பா கொடுத்தா அவன் மூஞ்சியிலயே எறிங்க" என்றாள். சிலர் சிரித்தார்கள், சிலர் முகம் வெளிறி நின்றார்கள். வெளிறியவர்களைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டாள். அதில் இரண்டு பேர் அவளோடு ஆய்வாளர் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரி அவளைத் திரும்ப எடுத்தது. வழக்கில் அவளைச் சாட்சியாகச் சேர்த்திருந்தார்கள், பத்திரிகையிலும் வந்துவிட்டது, விரட்டினால் நன்றாயிருக்காது என்று மேலாளர் கணக்குப் போட்டிருப்பார். பாட்டில் உடைக்கும் தொட்டிக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. பிற்பகல் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியின் பின்பக்கம் கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்கும். நொறுங்கியதை அள்ளி வைக்க நீல மூடி டப்பாக்களைக் கொண்டு வந்து போட்டுவிட்டாள். மடிப்பக்கா என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

அவள் வேலைக்குத் திரும்பும் முன்னால், தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தபோதே நடந்த ஒன்றைச் சொல்லித்தான் நான் முடிக்க வேண்டும்.

புது மருந்து தொடங்கி நான்காம் நாள் நெட்டையின் காய்ச்சல் இறங்கியது. பத்தாம் நாள் வீக்கம் வடிந்தது. காலை எடுக்க வேண்டாம் என்றார் டாக்டர். முழங்கால் பழையபடி மடங்காது, சாரம் ஏறுவதை மறந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். மடிப்பக்கா தினமும் வந்தாள். தம்பி பேசவில்லை. அவள் துண்டை மடிப்பாள், தம்ளரைக் கழுவுவாள், வாசல் பக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். வேண்டியதை அவன் மனைவியிடம் கேட்பான். அவளும் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் டீ கொடுப்பாள். மடிப்பக்கா ஒரு நாளும் வராமல் இருக்கவில்லை.

நான்காவது வாரம், ஒரு மாலை. கண்ணாடி போட்ட நர்ஸ் தட்டோடு வந்தார். பெட்டியைப் பிரிக்கப் போனவரை நெட்டை கை நீட்டித் தடுத்தான்.

"சிஸ்டர், இங்க கொடுங்க."

வாங்கினான். அவன் கை நீளம்தான், இருந்தாலும் வாசல் பக்க நாற்காலி எட்டவில்லை. பெட்டியை நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"அக்கா, நீ பாத்துச் சொல்லு."

அவள் எழுந்து வந்து வாங்கினாள். ஜன்னலுக்குப் போனாள். சாய்த்தாள், திருப்பினாள், நான்கு மூலையிலும் கட்டைவிரலை ஓட்டினாள். எங்கும் ஒரே வழவழப்பு.

"நல்ல பொட்டிதான்டா."

"அப்ப போடுங்க சிஸ்டர்" என்று அவன் கையைக் காட்டினான்.

ஊசி ஏறிக்கொண்டிருந்தபோது கேட்டான். "எனக்கு நீ பாத்துட்ட. மத்தவங்களுக்கு?"

"தேடறாங்க. நானும் போறேன். கிடைக்கற வரைக்கும் போவேன்."

அவன் தலையாட்டினான். நர்ஸ் காலிப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மடிப்பக்காவின் கை பழக்கத்தில் அதன் மூடியை உள்ளே சொருகப் போயிற்று. நடுவில் நின்றது. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக் குறுக்கே கிழித்தாள். கெட்டி அட்டை, கோணலாகத்தான் கிழிந்தது. அவள் வாழ்க்கையில் கிழித்த முதல் பெட்டி அதுவாகத்தான் இருக்கும்.

"இதென்னக்கா, இப்படியா கிழிப்பாங்க?" என்று நெட்டை ஒரு பாதியை அவள் கையிலிருந்து வாங்கி, சுக்குச் சுக்காகக் கிழித்துப் போர்வை மேல் போட்டான்.